ஓட்டையை அடைக்க எத்தனை நாள்?

போன பொதுக்குழுவில் லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக எடுத்துக்கொண்ட விஷயம் நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டர். அதில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. மெஷின் பழசு என்பதால் விண்டோஸ் 11 ஏறாது. எல்லா வீட்டு மெயின்டனன்ஸ் கணக்கும், எல்லோருடைய செல் நம்பரும், வாடகைதாரர்களின் ஆதார் நகல்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. "லினக்ஸ் போடுங்க சார், வைரஸே வராது" என்றார் ஒருவர். "செலவைப் பார்க்காம ஒரு மேக் வாங்கிடுங்க" என்றார் இன்னொருவர். "புள்ளிவிவரத்தைப் பாருங்க, ஓட்டையைச் சீக்கிரம் அடைக்கிறது விண்டோஸ்காரன்தான்" என்றார் மூன்றாமவர். வேடிக்கை என்னவென்றால், மூன்று பேர் சொன்னதற்கும் ஏதோ ஒரு காலத்தில் அச்சான ஆதாரம் உண்டு. இந்தச் சண்டை நம் கிளப் ஹவுஸில் ஆரம்பித்ததும் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாக நடந்துவருவது. அந்தக் கதையை இந்த இதழுக்கு எழுதித் தருகிறேன் என்று கூட்டத்திலேயே வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் பெரிய அடி விண்டோஸுக்கு விழவில்லை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி மாலை, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் ஒரு சின்ன புரோகிராமை இணையத்தில் விட்டார். அது யாரும் தொடாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அது நுழைந்தது பி.எஸ்.டி. யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ், சன் கம்ப்யூட்டர்களில். இன்றைய மேக் அந்த யூனிக்ஸ் பரம்பரையில் வந்தது; லினக்ஸ் அதைப் பார்த்து எழுதப்பட்டது. இமெயில் அனுப்பும் சென்ட்மெயிலில் ஒரு ஓட்டை, ஃபிங்கர் என்ற சேவையில் ஒரு ஓட்டை, அது போக எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள். இவைதான் அது நுழைந்த வாசல்கள். ஏற்கெனவே தொற்றிய மெஷினில் மறுபடி ஏறக்கூடாது என்பதற்கு ஒரு சோதனை வைத்திருந்தார் மோரிஸ். அந்தச் சோதனையை யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்று, ஏழு தடவைக்கு ஒரு தடவை எப்படியும் ஏறிவிடு என்றும் எழுதிவைத்தார். அந்த ஏழில் ஒன்றுதான் ஊரையே கெடுத்தது. ஒரே மெஷினில் பிரதி மேல் பிரதி ஓடி, மெஷின்கள் மூச்சுத் திணறி நின்றன.

சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக இன்றும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது எண்ணிப் பார்த்த எண் அல்ல. அன்று இணையத்தில் 60,000 கம்ப்யூட்டர் இருக்கலாம், அதில் பத்தில் ஒன்று அடிபட்டிருக்கலாம் என்ற ஊகம். இந்தத் துறையின் முதல் புள்ளிவிவரமே இப்படித்தான் பிறந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பெர்க்லியில் கீத் பாஸ்டிக் என்ற புரோகிராமர் சென்ட்மெயில் ஓட்டைக்கான முதல் திருத்தத்தை மறுநாள் விடியும் முன்பே அனுப்பிவிட்டார். சில மணி நேரம்தான். இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும் வேகம். ஆனால் அதற்குள் பல இடங்களில் பயந்துபோய் நெட்வொர்க் கேபிளையே பிடுங்கிவிட்டார்கள். மருந்து வர வேண்டிய வழியும் அதுதானே? திருத்தம் தயாராகி, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றது. ஹார்வர்டில் இருந்த மோரிஸின் நண்பர் ஒருவர் அன்றிரவே பெயர் போடாமல் ஒரு எச்சரிக்கையும் அனுப்பியிருந்தார். அதுவும் வழியில் சிக்கித் தாமதமானது. திருத்தம் எழுதிய நேரம் வேறு, அது நம் கைக்கு வந்து சேர்ந்த நேரம் வேறு என்ற சிக்கல் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

மோரிஸுக்குச் சிறை இல்லை. மூன்று ஆண்டு கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அவசரக் குழு அமைந்தது. அதன் வழியில் நம் நாட்டில் செர்ட்-இன் தொடங்கியது 2004 ஜனவரியில். சில சமயம் செய்தித்தாளில் 'குரோம் பயனாளர்களுக்கு மத்திய அரசு எச்சரிக்கை' என்று வருகிறதே, அது இவர்கள் வெளியிடுவதுதான்.

அடுத்த பத்து வருடத்தைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். ஒரே ஓட்டையை ஆளுக்கொரு பெயரில் அழைத்துக் குழம்பியதால், 1999-ல் மைட்டர் என்ற அமெரிக்க அமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் கொடுக்க ஆரம்பித்தது. அதன் பெயர் சி.வி.இ. முதல் பட்டியலில் 321 ஓட்டைகள். எண் கொடுத்தாயிற்று, இனி எண்ணலாம். எண்ணலாம் என்றால் ஒப்பிடலாம். ஒப்பிடலாம் என்றால் சண்டை போடலாம்.

அதற்கு முன் விண்டோஸின் கெட்ட காலத்தைச் சொல்லிவிட வேண்டும். 2001 ஜூலை 19 அன்று கோட் ரெட் என்ற புழு 14 மணி நேரத்துக்குள் 3,59,000-க்கும் மேற்பட்ட சர்வர்களைப் பிடித்தது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது ஜூன் 18-ஆம் தேதியே. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் வந்தது. மொத்தமே 376 பைட். இந்தப் பத்தியை விடச் சின்னது. 8.5 விநாடிக்கு ஒரு முறை இரட்டித்து, பத்தே நிமிடத்தில் பிடிக்கக்கூடியதில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. அமெரிக்காவில் ஏ.டி.எம்.கள் நின்றன. அதற்கான பேட்ச் வெளியாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்த நெட்வொர்க்கிலேயே பேட்ச் போடாத மெஷின்கள் இருந்து அடிபட்டன. ஊருக்கு உபதேசம் செய்கிறவர் வீட்டிலேயே கதவு திறந்து கிடந்தது.

இந்த இடைவெளி வேகமாகச் சுருங்கியது. ஸ்லாமருக்கு ஆறு மாதம். அதே வருடம் ஆகஸ்ட் 11-ல் வந்த பிளாஸ்டருக்கு 26 நாள். 2004 ஏப்ரல் 30-ல் வந்த சாஸருக்கு 17 நாள். காரணம் எளிது. பேட்ச் வந்ததும் திருடனும் அதை இறக்கிக்கொள்கிறான். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, புதுத் தாழ்ப்பாளை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளவும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டின மாதிரி. நோட்டீஸைக் குடியிருப்பவர் மட்டும்தான் படிப்பார் என்று நினைக்க முடியாது. 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை எல்லா பேட்ச்களையும் மொத்தமாக வெளியிடத் தொடங்கியது. நம் நேரப்படி அன்றிரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. மறுநாள் காலை கம்ப்யூட்டர் 'ரீஸ்டார்ட் செய்யவா?' என்று கேட்பதும், நாம் 'பிறகு' என்று அழுத்துவதும் அதனால்தான்.

இந்தச் சூழ்நிலையில், 2004 மார்ச்சில் ஃபாரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டது. விண்டோஸை விட லினக்ஸ் பாதுகாப்பானதா என்பது கேள்வி. 2002 ஜூனிலிருந்து 2003 மே வரை ஒரு வருட ஓட்டைகளை எடுத்துக்கொண்டு, ஓட்டை ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து பேட்ச் வந்த நாள் வரை சராசரியாக எத்தனை நாள் என்று கணக்குப் போட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 25 நாள். ரெட் ஹேட்டும் டெபியனும் 57 நாள். சூஸே 74, மாண்ட்ரேக் 82. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் மாறு.

லினக்ஸ்காரர்கள் கொதித்துப்போனார்கள். வழக்கமாக ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் அந்த நான்கு பேரும் சேர்ந்து ஏப்ரலில் ஒரு கூட்டறிக்கை விட்டார்கள். எண்கள் தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. சராசரி எடுத்ததுதான் தப்பு என்றார்கள். வீடு பற்றி எரியும் ஓட்டையை ஒரே நாளில் அடைக்கிறோம், ஒருவருக்கும் தொந்தரவு தராத ஓட்டையை ஆறு மாதம் கழித்து அடைக்கிறோம், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் என்ன அர்த்தம்? நியாயமான கேள்விதான். நம் பிளம்பரின் வேகத்தை, மெயின் பைப் உடைந்ததையும் ஒரு ஃப்ளாட்டில் குழாய் சொட்டியதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அவரும் மோசமான ஆளாகத்தான் தெரிவார்.

ஆனால் அதை விடப் பெரிய விஷயம் அந்தக் கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்பது. ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கு ரகசியமாகச் சொல்கிறார். நிறுவனம் நாலு மாதம் எடுத்துக்கொண்டு, பேட்சையும் அறிவிப்பையும் ஒரே நாளில் வெளியிடுகிறது. ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் பூஜ்யம் நாள். லினக்ஸில் பெரும்பாலான வேலை எல்லோர் கண் முன்னாலும் நடப்பதால், தெரிந்த நாளிலிருந்தே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும்.

2006 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்டின் பிரையன் கிரெப்ஸ் இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். மைக்ரோசாஃப்டின் மிக ஆபத்தான ஓட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டுபிடித்தவர்களையே தொடர்புகொண்டு, நிறுவனத்திடம் முதலில் சொன்ன நாள் எது என்று கேட்டுக் கணக்கிட்டார். 2003-ல் சராசரி மூன்று மாதம். 2004-ல் 134.5 நாள், 2005-லும் ஏறக்குறைய அதே. இருபத்தைந்து எங்கே, நூற்று முப்பத்து நாலரை எங்கே! இரண்டு கணக்கும் சரி. தொடங்கின நாள்தான் வேறு.

அவர் கணக்கில் இன்னொரு எண் இருந்தது. அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நிறுவனத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஓட்டையை நேரடியாக ஊருக்கே போட்டு உடைத்தால், பேட்ச் வரும் நேரம் குறைந்தது. 2003-ல் 71 நாள், 2004-ல் 55, 2005-ல் 46. மரியாதையாக ரகசியமாகச் சொன்னவர் நாலு மாதம் காத்திருந்தார். போட்டு உடைத்தவருக்கு ஒன்றரை மாதத்தில் வேலை முடிந்தது. அசோசியேஷனில் தனியாகக் கடிதம் கொடுத்தவருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டவருக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புதிதா என்ன? கமிட்டி நண்பர்கள் மன்னிக்கவும்.

2007 மார்ச்சில் சிமான்டெக் நிறுவனத்தின் அறிக்கை வந்தபோது பழைய சண்டை மறுபடி பற்றிக்கொண்டது. 2006-ன் இரண்டாவது அரை வருடத்தில் விண்டோஸில் 39 ஓட்டைகள், சராசரி 21 நாள். ரெட் ஹேட் லினக்ஸில் 208 ஓட்டைகள், 58 நாள். மேக்கில் 43 ஓட்டைகள், 66 நாள். ஹெச்.பி. யூனிக்ஸ் 101 நாள், சன் சோலாரிஸ் 122 நாள். நம் கூட்டத்தில் மூன்றாமவர் சொன்ன புள்ளிவிவரம் அநேகமாக இந்த வம்சத்தில் வந்ததுதான்.

அதே அறிக்கையின் அடுத்த வரியை யாரும் மேற்கோள் காட்ட மாட்டார்கள். விண்டோஸின் 39-ல் 12 மிகக் கடுமையானவை. ரெட் ஹேட்டின் 208-ல் கடுமையானவை இரண்டே இரண்டு. மேக்கில் ஒன்று. தவிர, ரெட் ஹேட் என்பது வெறும் இயங்குதளம் அல்ல. பிரவுசர், ஆபீஸ் தொகுப்பு, டேட்டாபேஸ் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாஃப்ட்வேர்கள் ஒரே மூட்டையாக வரும். அத்தனை ஓட்டையும் அதன் கணக்கில். விண்டோஸில் நாம் தனியாகப் போட்டுக்கொள்ளும் சாஃப்ட்வேரின் ஓட்டை விண்டோஸ் கணக்கில் ஏறாது. பத்து ஃப்ளாட் உள்ள பிளாக்கையும் நூறு ஃப்ளாட் உள்ள பிளாக்கையும் தண்ணீர்ச் செலவில் ஒப்பிடுவது போலத்தான்.

மேக்காரர்கள் இந்தச் சண்டையில் சேராமல் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பி.சி. தும்முவதும் மேக் ஆரோக்கியமாக நிற்பதுமாக ஆப்பிள் விளம்பரமே எடுத்தது. 2012-ல் அந்தச் சிரிப்பு நின்றது. ஜாவாவில் ஒரு ஓட்டை. ஆரக்கிள் அதற்குப் பிப்ரவரி 14 அன்று திருத்தம் கொடுத்துவிட்டது. ஆனால் மேக்குக்கான ஜாவாவை ஆப்பிளே தயாரித்து வந்ததால், மேக் வைத்திருப்பவர்கள் ஆப்பிளுக்காகக் காத்திருந்தார்கள். ஏப்ரல் 3 வரை. அந்த 49 நாளில் ஃப்ளாஷ்பேக் என்ற கிருமி ஆறு லட்சம் மேக்குகளில் குடியேறியது. சில வாரத்தில், பி.சி. வைரஸ் எல்லாம் மேக்குக்கு வராது என்ற வாசகம் ஆப்பிளின் தளத்திலிருந்து காணாமல் போனது.

லினக்ஸ் தரப்பின் பெருமைக்கு அடி விழுந்தது 2014-ல். மூல நிரல் திறந்திருப்பதால் ஆயிரம் கண்கள் பார்க்கும், ஓட்டை தங்காது என்பது அவர்கள் வாதம். ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.-லில் ஹார்ட்ப்ளீட் வெளியானபோது பேட்ச் அதே நாளில் வந்தது. சாதனைதான். ஆனால் ஓட்டை இரண்டு வருடமாக அங்கேயே இருந்தது. செப்டம்பரில் பாஷ் ஷெல்லில் ஷெல்ஷாக் வெளியானது. அது 1989-லிருந்து இருந்த ஓட்டை. முதல் பேட்ச் அரைகுறை என்று தெரிந்து உடனே இரண்டாவது போட வேண்டிவந்தது. 25 வருடம் ஒருவர் கண்ணிலும் படாத ஓட்டையைப் 'பூஜ்யம் நாளில் அடைத்தோம்' என்று எழுதலாம்தான். பொய் இல்லை.

கிரெப்ஸின் எண்கள் சொன்ன பாடத்தைக் கூகுள் 2014-ல் ஒரு விதியாகவே ஆக்கியது. புராஜெக்ட் ஜீரோ என்ற குழு, ஓட்டையை நிறுவனத்திடம் ரகசியமாகச் சொல்லும். 90 நாள் கெடு. முடிந்தால் பேட்ச் வந்தாலும் வராவிட்டாலும் வெளியிட்டுவிடும். 2022 பிப்ரவரியில் இந்தக் குழு மூன்று வருடக் கணக்கை வெளியிட்டது. சொன்ன நாளிலிருந்து அடைத்த நாள் வரை: லினக்ஸ் 25 நாள், ஆப்பிள் 69, மைக்ரோசாஃப்ட் 83. ஃபாரெஸ்டரில் மைக்ரோசாஃப்டுக்கு இருந்த அதே 25, இப்போது லினக்ஸுக்கு! கூகுளுக்கு 44. தேர்வு நடத்துபவரும் எழுதுபவரும் ஒரே வீடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் மூலக்கருவில் திருத்தம் சேர்ந்த நாளும், அது நம் மெஷினில் இறங்கும் நாளும் ஒன்றல்ல என்பதையும்.

எண்ணிக்கையை நம்பி வாதாடுபவர்களுக்கு இன்னொரு செய்தி. 2024 பிப்ரவரியிலிருந்து லினக்ஸ் கெர்னல் குழு தன் ஓட்டைகளுக்குத் தானே சி.வி.இ. எண் கொடுக்கத் தொடங்கியது. சந்தேகம் வந்தாலே ஒரு எண். ஒரே வருடத்தில் ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டது. லினக்ஸ் திடீரென்று கெட்டுப்போகவில்லை. எண்ணும் ஆள் மாறினார்.

இத்தனை அறிக்கையிலும் சேராத ஒரு கடிகாரம் இருக்கிறது. பேட்ச் வந்த நாளிலிருந்து நாம் போட்ட நாள் வரை. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, வான்னாக்ரை தாக்கியது. பேட்ச் வந்தது மார்ச் 14. இடையில் 59 நாள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை நிர்வாகங்களில் மூன்றில் ஒன்று பாதிக்கப்பட்டது. பதிவானபடி 6,912 நோயாளிகளின் முன்பதிவு ரத்தானது. மொத்தம் 19,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற கிழட்டு மெஷின்களால் வந்த வினை என்று எல்லோரும் முதலில் பேசினார்கள். பிறகு பார்த்தால், அடிபட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அன்றைக்கு ஆதரவில் இருந்தது, பேட்சும் கிடைத்தது. யாரும் போடவில்லை.

சரி, நம் அலுவலகத்துக்கு வருவோம். லினக்ஸ் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் கமிட்டி புது மெஷின் பக்கம் சாய்கிறது, அதுவும் சரிதான். கூட்டம் முடிந்த மறுநாள் செயலாளரும் நானும் அந்தக் கம்ப்யூட்டரின் அப்டேட் பக்கத்தைத் திறந்தோம். ஆதரவு முடிவதற்குப் பல மாதம் முன்பே யாரோ 'நிறுத்தி வை' என்று அழுத்தியிருந்தார்கள். பிரிண்டர் வேலை செய்யாமல் போன அன்று என்று அலுவலகத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். அக்டோபர் வரை இலவசமாக வந்த பேட்ச்கள் எல்லாம் வாசலிலேயே நின்றிருக்கின்றன.

கையோடு கேட் ரூமில் இருக்கும் சி.சி.டி.வி. ரெக்கார்டரையும் பார்த்தோம். இதில் ஓடுவது லினக்ஸ். 2016-ல் மிராய் என்ற கிருமி உலகம் முழுக்கப் பிடித்தது இந்த மாதிரி ரெக்கார்டர்களையும் கேமராக்களையும்தான். கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தது. அப்படிப் பிடித்த மெஷின்களைக் கொண்டு அந்த அக்டோபர் 21 அன்று தாக்கியதில் அமெரிக்காவில் பல பெரிய தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை.

நம் ரெக்கார்டரிலும் பாஸ்வேர்டு பெட்டியிலிருந்து எடுத்தபோது இருந்ததே. இப்போது மாற்றியாகிவிட்டது, புதியது செயலாளரிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கிறது. உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரின் தேதி 2017. இந்த மாடலுக்கு அதன் பிறகு அப்டேட் ஏதும் வந்ததாகத் தயாரிப்பாளரின் பக்கத்தில் இல்லை. புது ரெக்கார்டருக்கு இரண்டு கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள் என்று எழுத்தில் கேட்டதற்கு ஒருவரிடமிருந்து மட்டும் பதில் வந்திருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைக்கிறோம்.